அறுபத்து நான்கு சுவிட்சுகள்

1965இல் ஹவானாவில் நடந்த காபாபிளாங்கா நினைவுப் போட்டியில் பாபி ஃபிஷர் விளையாடினார், ஆனால் கியூபாவில் கால் வைக்கவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை அவருக்குப் பயண அனுமதி தரவில்லை. அதனால் நியூயார்க்கின் மார்ஷல் செஸ் கிளப்பில் ஒரு மேஜை போட்டார்கள். அதன் மேல் பலகையும் காய்களும், ஹவானாவோடு பேச ஒரு டெலிபிரிண்டர் இணைப்பும். ஃபிஷர் காயை நகர்த்துவார். அந்த நகர்வு எழுத்தாக மாறிக் கம்பி வழியே போகும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் அதைப் படித்து, எதிராளியின் முன்னால் இருக்கும் பலகையில் காயை நகர்த்தி வைப்பார். பதில் நகர்வும் அதே வழியில் திரும்பி வரும். ஆட்டங்கள் வழக்கத்தைவிட நெடுநேரம் இழுத்தன. இருந்தும் முதலிடம் பிடித்த ஸ்மிஸ்லோவுக்கு அரைப் புள்ளி பின்னால், இன்னும் இருவரோடு இரண்டாம் இடத்தை ஃபிஷர் பகிர்ந்துகொண்டார்.

எதிராளி எங்கோ இருக்கிறார், பலகை மட்டும் கண்ணெதிரே நிஜமாக இருக்கிறது. இந்த ஏற்பாட்டை இன்று ஒருவர் தன் வீட்டு மேஜையில் தனியாகவே செய்துகொள்ள முடியும். டெலிபிரிண்டரின் வேலையை இணையம் பார்த்துக்கொள்ளும். காயைப் பார்த்து எழுதுகிற ஆளின் வேலையை அறுபத்து நான்கு சுவிட்சுகளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் பார்த்துக்கொள்ளும்.

திரையிலேயே ஆடிவிட்டுப் போகலாமே, இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்கலாம். திரையில் பலகை நேர் மேலிருந்து பார்த்த தட்டையான படம். மேஜையிலோ அது சாய்வாகத் தெரிகிறது. எதிராளியின் பின்வரிசைக் காய்கள் முன்வரிசைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கின்றன. நீளமான மூலைவிட்டத்தில் பதுங்கியிருக்கும் மந்திரியைக் கண் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வார இறுதியில் மண்டபத்துக்குப் போய் மரப்பலகையில் ஆடப்போகும் பிள்ளை வாரம் முழுக்கத் திரையில் மட்டும் பழகினால், கண் ஒன்றுக்குப் பயின்று வேறொன்றைச் சந்திக்கிறது. அந்தப் பிள்ளைக்காகவே இந்தப் பலகையைச் செய்யலாம் என்பது என் எண்ணம்.

காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பலகைக்கு எப்படித் தெரியும்? மிகப் பழைய விடை 1770இல் வியன்னாவில் கிடைத்தது. வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலன் பேரரசி மரியா தெரேசாவின் அவையில் தலைப்பாகை கட்டிய ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது தானாகவே செஸ் ஆடுவதாக ஐரோப்பாவில் பலரும் நம்பினார்கள். உண்மையில் பொம்மையோடு இருந்த பெட்டிக்குள் ஒரு மனிதர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மேலே நடப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதில்தான் கெம்பெலனின் மேதைமை இருக்கிறது. ஒவ்வொரு காயின் அடியிலும் வலுவான காந்தம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் நூலில் தொங்கும் ஒரு சின்னக் காந்தம். மேலே காய் இருந்தால் கீழே தொங்குவது மேலேறி ஒட்டிக்கொள்ளும், காயை எடுத்தால் விழுந்துவிடும். உள்ளே இருப்பவர் எது விழுந்தது, எது ஏறியது என்று பார்த்தே நகர்வைத் தெரிந்துகொண்டார். அந்தப் பொம்மை மோசடிதான். அந்த உணரி மட்டும் முழுக்க உண்மை.

இன்று வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் கையாளுவதும் அதே யோசனைதான். நூலில் தொங்கும் காந்தத்துக்குப் பதில் ரீட் சுவிட்ச் வந்திருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936இல் உருவாக்கிய பொருள் இது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய், அதற்குள் மெல்லிய இரண்டு இரும்புக் கலவைத் தகடுகள். நுனிகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். பக்கத்தில் காந்தம் வந்தால் தகடுகள் காந்தமேறி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று மூடும். காந்தம் விலகினால் தகடுகளின் விறைப்பே அவற்றைப் பிரித்துவிடும். கதவு திறந்தால் கத்தும் அலாரத்துக்குள்ளும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

இதைப் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. காயின் அடியில் ஒட்டிய வட்டக் காந்தத்தின் ஒரு துருவம் கீழே பார்க்கிறது. ரீட் குழாய் பலகைக்கு அடியில் படுத்திருக்கிறது. குழாயின் நட்டநடுவே கட்டத்தின் மையத்துக்கு நேர் கீழே வரும்படி வைப்பதுதானே அழகு என்று தோன்றும். அப்படி வைத்தால் வேலை செய்யாது. காந்தம் நேர் நடுவில் நிற்கும்போது இரண்டு தகடுகளின் நுனிகளும் ஒரே துருவமாகக் காந்தமேறுகின்றன. ஒரே துருவங்கள் ஈர்ப்பதில்லை. காயைக் கொஞ்சம் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தினால் சுவிட்ச் மூடும், சரியாக நடுவில் வைத்தால் திறந்துகொள்ளும். ஒழுங்காகக் காய் வைக்கிறவரைத் தண்டிக்கிற பலகை! குழாயின் ஒரு முனை மையத்துக்குக் கீழே வருகிற மாதிரி தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். நிற்க வைத்துப் பொருத்தினாலும் சரி.

பக்கத்துக் கட்டத்தின் காந்தம் இந்தச் சுவிட்சை மூடிவிடாதா? காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு. போட்டிப் பலகையின் கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கும். காய்க்கும் அதன் சுவிட்சுக்கும் இடையே 8 மி.மீ., பக்கத்துக் காய்க்கு 56 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஏழு மடங்கு, ஆகவே புலம் தோராயமாக 343இல் ஒரு பங்கு. இயற்கையே வேலி போட்டுத் தந்திருக்கிறது. சின்னஞ்சிறு பயணப் பலகையில் இதைச் செய்யப் புகுந்தால் அந்த வேலி பலவீனமாகிவிடும்.

இனி ஒயர். அறுபத்து நான்கு சுவிட்சுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் அத்தனை கால்கள் உள்ள சில்லுக்கு எங்கே போவது? ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் அட்டையில் உள்ளீட்டுக்கு ஆகும் கால்கள் மொத்தமே இருபது. நல்ல வேளையாகச் செஸ் பலகையே ஒரு கட்ட வலை. கிடை வரிசைக்கு ஒன்றாக எட்டு ஒயர், நெடு வரிசைக்கு ஒன்றாக எட்டு ஒயர், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுவிட்ச். பதினாறு கால் போதும். வாத்தியார் பெஞ்சு பெஞ்சாக அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல, சில்லு முதல் கிடை வரிசையை மட்டும் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்து எட்டு நெடு வரிசைகளையும் படிக்கும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. பலகை முழுவதையும் விநாடிக்கு நூறு முறை சுற்றி வந்தாலும் சில்லுக்கு அது வேலையே இல்லை.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்குள் ஒரு பேய் ஒளிந்திருக்கிறது. மின்னணுக்காரர்களே அதற்குப் பேய் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். காய்களை ஆரம்ப நிலையில் அடுக்கிப் பாருங்கள். பலகை சரியாகவே படிக்கும், நான்கு வரிசை நிறைவு, நான்கு வரிசை காலி. இப்போது ராஜாவின் சிப்பாயை இ2இலிருந்து இ4க்கு நகர்த்துங்கள். நான்காவது வரிசை முழுக்க எட்டுக் காய் இருப்பதாகப் பலகை சொல்லும்! காரணம் இதுதான். சில்லு நான்காவது வரிசையைப் பூஜ்யத்துக்கு இழுக்கிறது. இ4 சுவிட்ச் மூடியிருப்பதால் இ நெடு வரிசையும் பூஜ்யமாகிறது. அதே நெடு வரிசையில் இ1இல் ராஜா நிற்கிறார், அவருடைய சுவிட்சும் மூடியிருக்கிறது. அதன் வழியே முதல் வரிசை ஒயர் முழுவதும் பூஜ்யமாகிறது. முதல் வரிசையில் எட்டுக் காயும் இருப்பதால் எட்டு நெடு வரிசைகளும் பூஜ்யம். சிப்பாய் விட்டுப்போன இ2வும் இதேபோல நிரம்பியதாகவே தெரியும். 32 காய் வைத்த பலகையில் 40 காய் எண்ணப்படும்.

மருந்து, ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டயோடு. 1என்4148 என்ற கடுகளவுச் சரக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். பேய் உருவாக மின்சாரம் ஏதாவது ஒரு சுவிட்சில் எதிர்த்திசையில் போயாக வேண்டும். டயோடு அதை விடாது. சில கணினி விசைப்பலகைகளில் ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினாலும் குழம்பாமல் இருப்பதற்கு இதே வழிதான். விசைப்பலகையில் ஒரு சமயத்தில் மூன்று நான்கு விசை அழுத்தினால் அதிகம், செஸ் பலகையிலோ முதல் நொடியிலேயே முப்பத்திரண்டு அழுத்தப்பட்டிருக்கின்றன. அதனால் டயோடில் மிச்சம் பிடிக்கவே கூடாது. 64 டயோடு, 64 ரீட், 16 ஒயர் என்று சால்டரிங் வைத்து முடிக்க ஒரு வார இறுதியாவது பொறுமை வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் பலகைக்குத் தெரிவது என்ன? ஒவ்வொரு கட்டத்திலும் காய் இருக்கிறதா, இல்லையா. 64 பிட்டுகள், அதாவது எட்டே பைட்டுகள். அது ராணியா சிப்பாயா, கறுப்பா வெள்ளையா, எதுவுமே தெரியாது. இந்த எட்டு பைட்டை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் பின்தொடர முடிகிறது என்பதுதான் இந்தப் பொருளில் எனக்கு மிகவும் வியப்பான இடம். எப்படி முடிகிறது? ஆரம்ப நிலை தெரியும், விதிகள் தெரியும். முதல் நகர்வுக்கு வெள்ளைக்கு இருபது வாய்ப்புகளே உண்டு, சிப்பாய்க்குப் பதினாறு, குதிரைக்கு நான்கு. இருபதும் இருபது வேறு வேறு பிட் கோலங்களைத் தருகின்றன. இ2 காலியாகி இ4 நிரம்பினால் அங்கே இருப்பது சிப்பாய்தான் என்று பார்க்காமலே சொல்லலாம். உணரியின் வறுமையைச் செஸ்ஸின் விதிகள் ஈடுகட்டுகின்றன.

வெட்டும்போது சிக்கல். வெள்ளைச் சிப்பாய் இ4இல், கறுப்புச் சிப்பாய்கள் டி5இலும் எஃப்5இலும். வெள்ளை எதை வெட்டினாலும் முடிவில் இ4 காலி, டி5 நிறைவு, எஃப்5 நிறைவு. இரண்டுக்கும் ஒரே கோலம். கடைசிக் கோலத்தை மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். டி5 ஒரு கணம் காலியாகி மறுபடி நிரம்பியதா, எஃப்5 காலியாகி நிரம்பியதா? சிலர் எதிராளியின் காயை முதலில் எடுத்துவிட்டுத் தன் காயை வைப்பார்கள். சிலர் தன் காயோடு போய் அதே கையால் எதிராளியின் காயை லாவகமாகத் தூக்குவார்கள். எப்படிச் செய்தாலும் அந்தக் கட்டம் ஒரு கணமாவது காலியாகும், விநாடிக்கு நூறு முறை பார்க்கிற சில்லின் கண்ணுக்கு அது தப்பாது. எதிராளியின் காயைத் தொட்டால் வெட்டியே ஆக வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்வதால், தூக்கிய காய்தான் வெட்டுப்படும் காய் என்று நிரல் நம்பலாம்.

கேஸ்லிங் இன்னும் அழகு. ராஜாவை இ1இலிருந்து ஜி1க்கு வைத்த உடனே பலகைக்கு விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் ராஜா இரண்டு கட்டம் போக வேறு வழியே இல்லை. யானையை முதலில் எச்1இலிருந்து எஃப்1க்கு நகர்த்தினால் அதுவே முழுமையான ஒரு நகர்வு, பலகை அதை அனுப்பிவிடும். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படியும் யானையை முதலில் தொட்டவருக்கு அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. மனிதர்களின் சச்சரவைத் தவிர்க்க எழுதிய விதி, சுவிட்சின் குழப்பத்தையும் தவிர்க்கிறது. காயைச் சரிசெய்ய எடுத்து அதே இடத்தில் வைத்தால்? கோலம் மாறவில்லை, ஆகவே நகர்வு இல்லை. எந்த நகர்வும் ஒரு கட்டத்தையாவது காலி செய்தே தீரும். இதற்கு விலக்கு ஃபிஷர் 1996இல் அறிமுகப்படுத்திய செஸ்960இல் இருக்கிறது. அங்கே ராஜா எஃப்1இலும் யானை ஜி1இலும் ஆரம்பிக்கலாம். கேஸ்லிங் செய்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், பிட் கோலம் அப்படியே இருக்கும்.

சிப்பாய் எட்டாம் வரிசையைத் தொடும்போதும் இந்தப் பலகை கையை விரித்துவிடும். ராணி வைத்தீர்களா, குதிரை வைத்தீர்களா என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலானோர் ராணி என்றே வைத்துக்கொண்டு, வேறு காய்க்கு ஒரு பொத்தான் ஒதுக்குகிறார்கள். இன்னும் ஒரு படி ஏற நினைப்பவர்களுக்கு ஹால் உணரி இருக்கிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவால் இயங்கும் இது காந்தம் இருக்கிறதா என்பதோடு எந்தத் துருவம் என்றும் சொல்லும். வெள்ளைக் காய்களுக்கு வடதுருவம் கீழே, கறுப்புக்குத் தென்துருவம் கீழே என்று ஒட்டினால் நிறம் தெரிந்துவிடும், வெட்டுக் குழப்பமும் தீரும். பெரிய போட்டிகளுக்குப் பலகை செய்யும் நெதர்லாந்தின் டிஜிடி நிறுவனம் வேறு வழி எடுத்தது. காய்க்குள் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் வைத்து, ஒவ்வொரு வகைக் காயும் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும்படி செய்தார்கள். அதனால் அந்தப் பலகை காயையே அடையாளம் காணும்.

நகர்வு எப்போது முடிந்தது என்பது நான் நெடுநேரம் யோசித்த கேள்வி. யானையை ஏ1இலிருந்து ஏ8க்குப் பலகையில் தேய்த்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. வழியில் ஏ4இல் ஒரு நொடி தயங்கினால் பலகை அதையே நகர்வு என்று எடுத்துக்கொள்ளலாம். கோலம் அரை விநாடி மாறாமல் இருந்தால் அனுப்பு என்று நிரல் எழுதுவது வழக்கம். அதைவிடப் பலகையின் ஓரத்தில் ஒரு பொத்தான் வைத்து, செஸ் கடிகாரத்தைத் தட்டுவதுபோலத் தட்டினால்தான் நகர்வு போகும் என்று வைப்பதே மேல். காய் மேல் கை இருக்கிறதா என்று ரீட் சுவிட்சுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். போட்டியிலும் கடிகாரத்தைத் தட்டிய பிறகே நகர்வு நிறைவடைகிறது. பயிற்சிக்கு ஆடும் பிள்ளைக்கு அந்தக் கைப்பழக்கமும் சேர்ந்து வரும்.

எதிராளியின் நகர்வைக் காட்ட மோட்டார் வைத்துக் காயையே நகர்த்தலாம். ஸ்பெயினின் லியோனார்டோ டோரஸ் கெவேடோவின் செஸ் இயந்திரம், 1920இல் வந்த இரண்டாம் வடிவில், பலகைக்கு அடியில் மின்காந்தம் ஓட்டி இதைச் செய்து காட்டியது. வீட்டுக்கு அது அதிகம். கட்டத்துக்கு ஓர் எல்இடி போதும், புறப்படும் கட்டமும் சேரும் கட்டமும் ஒளிரும். எட்டு இலக்கக் காட்சிக்காகச் செய்த மேக்ஸ்7219 என்ற சில்லு சரியாக 64 எல்இடிகளை இயக்கும், செஸ்ஸுக்கென்றே பிறந்த மாதிரி. எதிராளியின் காயை நாமே நகர்த்தி வைக்க வேண்டும். அது முடியும்வரை நம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் புல்லட், பிளிட்ஸ் போன்ற அதிவேக ஆட்டங்களெல்லாம் இங்கே சரிப்படாது.

லிசெஸ் என்ற இணையச் செஸ் தளமும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. திபோ துப்ளெசி 2010இல் தொடங்கிய இந்த இலவசத் தளம், வெளிப் பலகைகளுக்கென்றே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாக முன்பின் தெரியாத எதிராளியைத் தேடினால் ரேபிட், அல்லது அதைவிட மெதுவான ஆட்டம் மட்டுமே கிடைக்கும். உங்கள் கணக்கில் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஈஎஸ்பி32 போன்ற வைஃபை உள்ள சில்லில் பதித்துவிட்டால் போதும். தளத்தோடு ஓர் இணைப்பு திறந்தே இருக்கும். எதிராளி ஆடும்போதெல்லாம் அதில் ஒரு வரி வந்து விழும், அதுவரை ஆடிய எல்லா நகர்வுகளும் வரிசையாக. நம் நகர்வை அனுப்ப, புறப்பட்ட கட்டத்தையும் சேர்ந்த கட்டத்தையும் சேர்த்து வழக்கமாக நான்கே எழுத்து. கேஸ்லிங்குக்கும் ராஜா நகர்ந்ததை மட்டும் சொன்னால் போதும். எஞ்சின் உதவி கூடாது என்பது கண்டிப்பான விதி, எஞ்சின்களுக்குத் தனிக் கணக்கு வகையே இருக்கிறது.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஆகஸ்ட் 30 அன்று உலகமே பார்த்தது. ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதியில் இந்தியாவின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணையம் துண்டிக்கப்பட, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாக வென்றதாக அறிவித்தார்கள். வீட்டுப் பலகைக்கு அந்த அளவு பதற்றம் இல்லை. மறுபடி இணைந்ததும் தளம் முதல் வரியிலேயே முழு ஆட்டத்தையும் தந்துவிடும். நிரல் அதிலிருந்து இருக்க வேண்டிய கோலத்தைக் கணக்கிட்டு, மேஜையில் உள்ள கோலத்தோடு ஒப்பிட்டு, மாறுபடும் கட்டங்களில் விளக்கேற்ற வேண்டும். பூனை பலகை மேல் நடந்துபோனாலும் இதே நிரல்தான் காப்பாற்றும்.

இந்தக் கைவேலை அதிகம் பயன்படக்கூடிய இடம் பார்வையற்றவர்களின் செஸ் என்று நினைக்கிறேன். அவர்களுடைய பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும், கட்டத்துக்கு ஒரு துளை, காயின் அடியில் ஒரு முளை, கறுப்புக் காய்களில் தடவி அறிய ஓர் அடையாளம். முளையின் நுனியில் காந்தத்தை வைத்தால் அது ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கே வரும், நடுவில் வைத்தோமா ஓரத்தில் வைத்தோமா என்ற கவலை இல்லை. அவர்கள் ஆட்டம் முழுக்கக் காய்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் காயைத் துளையிலிருந்து எடுத்தால்தான் அதைத் தொட்டதாகக் கணக்கு என்று ஃபிடே விதி சொல்கிறது. ரீட் சுவிட்சும் அந்த நொடியில்தான் திறக்கிறது.

எல்இடிக்குப் பதில் அங்கே குரல் வேண்டும். அதற்கும் விதிப் புத்தகத்தில் ஏற்பாடு இருக்கிறது. பி, டி, ஜி என்ற எழுத்துகள் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும், ஆகவே நெடு வரிசைகளுக்கு அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டுப் பெயர், எட்டு எண் என்று பதினாறு ஒலித்துண்டுகளை ஒரு சின்ன எம்பி3 மாட்யூலில் ஏற்றிவிட்டால் பலகை எந்த நகர்வையும் சொல்லிவிடும். சிப்பாய் எட்டாம் வரிசையைத் தொடும் நேரத்துக்கு ராணி, யானை, மந்திரி, குதிரை என்று இன்னும் நான்கு துண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும்.